கெஞ்சாத வாய்

பளிங்குக் கல் என்றால் செத்தவர்களுக்குத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். உயிரோடு இருக்கிற ஒருத்தி குடியிருக்கிற கட்டிடத்தின் வாசலிலேயே, அவள் சொல்லாத வார்த்தையைச் செதுக்கி மாட்டுவார்கள் என்று அந்தச் செப்டம்பரில்தான் தெரிந்துகொண்டேன்.

ரோம் நகராட்சியின் கலாசாரப் பொறுப்பாளர் லவீனியா பெத்ரோனி ஒரு காலையில் வந்து எங்கள் வாசல் சுவரை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள். நல்ல காலணி, நல்ல கைப்பை, மண்ணில் கால் வைக்க யோசிக்கிற நடை. நான் முதல் மாடி ஜன்னலில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். பீன்ஸ் கையில் இருந்தது, அவ்வளவுதான். கண் முழுக்க கீழேதான்.

"என்ன தொத்தோரெஸ்ஸா, அங்க ஜன்னல் வைக்கப் போறீங்களா? வெச்சா நல்லதுதான். மாடிப்படி இருட்டாத்தான் இருக்கு," என்றேன். படித்த பெண்களை இங்கே தொத்தோரெஸ்ஸா என்றுதான் கூப்பிடுவோம்.

"கல்வெட்டு, சிஞோரா ஜில்தா. மயெஸ்த்ரோ தஸ்ஸினாரி அந்தப் பெரிய காட்சிய எடுத்தது இந்த இடத்துலதானே? வர்ற சனிக்கிழமை அவரே வர்றார். படத்த இங்க முற்றத்துலயே போடுறோம். திங்கட்கிழமை கல்ல மாட்டிடுவோம்."

கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து வாசித்தும் காட்டினாள். இயக்குநர் உல்தெரிக்கோ தஸ்ஸினாரி இங்கே படம் எடுத்தார், உலக சினிமாவை மாற்றினார், அப்புறம் மேற்கோள் குறிக்குள் அந்த வசனம்: 'ஐயா, கதவையாவது விட்டுவிடுங்கள். அதை முதுகில் சுமந்துகொண்டு போய்விடுகிறேன்.'

என் பக்கத்து வீட்டு எர்சிலியா அந்த நேரம் பார்த்துத்தான் சந்தையிலிருந்து வந்தாள். எழுபதைத் தாண்டியவள், இன்னமும் முட்டை விற்கிறாள். காலி முட்டைத் தட்டுகளைக் கீழே வைத்தாள். காகிதத்தை வாங்கிப் படித்தாள். டேப்பின் ஒரு முனையை இழுத்துக் கையை விட்டாள். அது சர்ரென்று சுருண்டு போய் பெத்ரோனியின் விரலில் அடித்தது.

"என் சுவத்துல நான் பிச்சை கேக்குற மாதிரி எழுதப் போறீங்களா?"

"நீங்க இல்ல சிஞோரா, அது கதாபாத்திரம்."

"மூஞ்சி யாரோடது?"

"மூஞ்சி உங்களோடதுதான்..."

"அப்போ வாயும் என்னோடதுதான். இந்த வாய் ஒருத்தன்கிட்டயும் எதையும் கேட்டதில்ல. கல்ல மாட்டிப் பாருங்க, மண்டைல போட்டு உடைக்கிறேன். யார் மண்டைன்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

அவள் கோபத்துக்குக் காரணம் தெரியாதவர்கள் எங்கள் கட்டிடத்தில் இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தவர்கள்தான் எல்லோரும்.

ரோமில் கஸிலீனா ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், இப்போது நாங்கள் இருக்கிற இதே மேட்டில், அப்போது தகரக் குடிசைகள் இருந்தன. தெற்கிலிருந்து வந்தவர்கள், குண்டு விழுந்து வீடு இழந்தவர்கள், எங்களைப் போல எங்கேயும் சேராதவர்கள். அங்கேதான் தஸ்ஸினாரி வந்தார். ரவென்னாக்காரர், மருந்துக்கடை முதலாளியின் மகன், தடித்த கண்ணாடி. அதற்கு முன்னால் உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு குட்டிப் படம் எடுத்திருந்தார். அதை அவருடைய நண்பர்கள் பார்த்திருந்தார்கள். நடிகர்களே வேண்டாம், தெருவில் இருக்கிற முகம்தான் வேண்டும் என்றார். எங்கள் ஆண்கள் எல்லோருக்கும் நாள் கூலிக்குக் கூட்டத்தில் நிற்கிற வேலை. எர்சிலியா அப்போது முப்பதுக்குக் கொஞ்சம் மேல், புருஷன் போய் ஒரு வருஷம். அவளைப் பார்த்துவிட்டு, "இந்த முகத்தில் ஒரு நாடே இருக்கிறது" என்றாராம். அந்த நாட்டை என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

குடிசையை இடிக்கிற காட்சி. அதற்காகவே தச்சர்களை வைத்து ஒரு போலிக் குடிசை கட்டியிருந்தார்கள். அன்று காலை அதைப் பார்த்துவிட்டு, பொய்க் குடிசை பொய்யாகத்தான் இடியும் என்றார் தஸ்ஸினாரி. எர்சிலியா குழாயடிக்கு வாளியோடு போயிருந்த நேரம். கேமராவைத் திருப்பி வைத்தார். புல்டோசரையும் திருப்பினார். அவள் திரும்பி வந்தபோது அவளுடைய நிஜக் குடிசை பாதி மண்ணில் கிடந்தது. கட்டில் உள்ளே, அடுப்பு உள்ளே, அவளுடைய சீதனப் பெட்டி உள்ளே.

வாளியை வீசினாள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரரைப் பார்த்துக் கத்தினாள். கை நீட்டி, கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு விடாமல். எங்கள் ஊரில் ஒருவனைத் திட்ட வேண்டுமென்றால் அவனை விட்டுவிட்டு அவன் வீட்டுச் செத்தவர்களைத்தான் திட்டுவோம். அன்று தஸ்ஸினாரி வம்சத்தின் கல்லறை மொத்தத்தையும் தோண்டி வெளியே போட்டாள்.

அதில் ஒரு வார்த்தை கூடப் பதிவாகவில்லை. எப்படிப் பதிவாகும்? எங்கள் நாட்டுப் படங்களில் அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் சத்தத்தைப் பிடிக்கவே மாட்டார்கள். ஒரு பக்கம் ஆணி அடிப்பார்கள், இன்னொரு பக்கம் இயக்குநர் கத்திக்கொண்டிருப்பார், நடிகர்கள் வசனம் மறந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். பிறகு ஒரு அறையில் உட்கார்ந்து, வாய் எங்கே மூடுகிறது, எங்கே திறக்கிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்துகிற வார்த்தையை எழுதி, வேறு யாரையாவது பேச வைப்பார்கள். எர்சிலியாவின் உதட்டுக்குப் பொருந்துகிற வார்த்தையைத் தேடித் தேடிக் கண்டுபிடித்ததுதான் அந்தக் கதவும் முதுகும். பேசியது மிலானோ நாடக மேடைக்காரி ஒருத்தி. அவள் பேசினால் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும், கூடக் கொஞ்சம் அழுகை. அவளுக்கு அதற்காக விருது கொடுத்தார்கள். எர்சிலியா பார்த்துக் கத்திய இடத்தில் ஒரு போலீஸ் அதிகாரியை ஒட்டினார்கள், அவருக்கும் ஒரு தடித்த கண்ணாடி மாட்டி.

அவ்வளவுதான், தஸ்ஸினாரி மயெஸ்த்ரோ, அதாவது மேதை, ஆகிவிட்டார். வெனிஸில் எழுந்து நின்று கை தட்டினார்கள். பிரெஞ்சுக்காரன் பணம் போட்டான். கலரில் ஒரு படம், குதிரைகளோடு ஒரு படம், கடற்கரையில் பணக்காரர்கள் கொட்டாவி விடுகிற படம் ஒன்று. பின்னால் இரண்டு தோல்வி. அப்புறம் திரைப்படப் பள்ளியில் பாடம். துனீசியாவிலிருந்து வந்து படித்தவன், பிரேசிலிலிருந்து வந்து படித்தவன் எல்லோரும் ஊருக்குத் திரும்பிப் போய் ஆளுக்கு ஒரு தாயைக் கெஞ்ச வைத்தார்கள். இங்கேயும் அப்படித்தான். அதற்குப் பிறகு பத்து வருஷம் எந்த இத்தாலியப் படத்திலும் ஒரு ஏழைத் தாயால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. புத்தகங்களில் எழுதினார்கள்: 'ரோம் ஏழைகளின் குரலை முதன்முதலில் கேட்டவர்.' அதைப் படித்த அன்று எர்சிலியா ஒரு தட்டு முட்டையை உடைத்தாள்.

டிவியில் அந்தப் படம் வரும்போதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். முதலில் டிவி சத்தம் கேட்கும். அந்தக் காட்சி நெருங்கியதும் டிவி ஊமையாகிவிடும். அப்புறம் எர்சிலியாவின் குரல் கேட்கும், படத்தில் அசைகிற தன் வாய்க்குத் தானே பேசிக்கொண்டு. முதல் தடவை கேட்டபோது வீட்டுக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று மாவு உருட்டுகிற கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கல்வெட்டுச் செய்தி பரவியதும் கட்டிடமே இரண்டாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. எல்லோரும் ஒரே பக்கம்தான், கல்லின் பக்கம். அதற்குத் தலைமை தாங்கியது கீழே பார், அதாவது காபிக்கடை, நடத்துகிற ஒரெஸ்தே. அவன் காபி இயந்திரத்துக்கு மேலே ரோமா கால்பந்து அணியின் கொடி, அதற்கும் மேலே தஸ்ஸினாரி கையெழுத்துப் போட்ட படம். கன்னி மேரிக்குக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இடம்.

"சோரா எர்சிலியா, யோசிச்சுப் பாருங்க," என்றான்; சோரா என்றால் எங்கள் பேச்சில் அம்மா என்கிற மாதிரி. "கல்லு வந்தா ஜப்பான்காரன் வருவான், அமெரிக்காக்காரன் வருவான். வந்தவன் காபி குடிப்பான். நம்ம தெருவுக்குப் பேரு."

"பேரா? பிச்சைக்காரத் தெருன்னு பேரு."

"நாப்பது வருஷம் ஆச்சு. வுடுங்களேன்."

"உன் பொண்டாட்டி உன்னப் பத்திச் சொல்றத ஒரு நாள் கல்லுல அடிச்சு இந்தக் கடை வாசல்ல மாட்டுறேன். நீயும் நாப்பது வருஷம் வுட்டுப் பாரு."

பாரில் இருந்தவர்கள் காபியில் மூக்கை விட்டுக்கொண்டு சிரித்தார்கள். ஒரெஸ்தேயின் மனைவி உள்ளேயிருந்து, "அவ்ளோ பெரிய கல்லு கிடைக்காதே," என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மயெஸ்த்ரோ வந்தார். எண்பதை நெருங்கிய வயது, வெள்ளைப் பட்டுக் கழுத்துத் துணி, கையில் தடி. கண்ணாடி இப்போது மெல்லியதாகிவிட்டது. பெத்ரோனி ஒரு பக்கம், டிவிக்காரன் ஒருவன் இன்னொரு பக்கம். பாருக்குள் நுழைந்ததும் தன் படத்தைத் தானே நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். எர்சிலியா உள்ளே காத்திருந்தாள், சந்தைக்குப் போகிற கறுப்பு உடையில். நான் சர்க்கரை வாங்கப் போயிருந்தேன். வீட்டில் சர்க்கரை இருந்தது. அது வேறு விஷயம்.

"எர்சிலியா! என் கண்ணு! நீ மாறவே இல்லயே!"

"நீங்க நல்லாக் கிழடாயிட்டீங்க. அந்தக் கல்லுல இருக்குற வார்த்தைய எடுக்கச் சொல்லுங்க."

"எந்த வார்த்தைய?"

"ஐயா, கதவு, முதுகு. நான் சொல்லாத மூணும்."

அவர் சிரித்தார். அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"நீதான் சொன்னே கண்ணு. மறந்துட்டே. நான் பக்கத்துல நின்னேனே. அழுதே. கதவக் கட்டிப் பிடிச்சே."

"கட்டிப் பிடிக்கல. பிடுங்கி உங்க மேல எறியப் பாத்தேன். கீல் வுடல."

"எவ்வளவு அழகாச் சொல்றா பாருங்க!" என்று டிவிக்காரனிடம் திரும்பினார். "இவளோட ஒவ்வொரு வார்த்தையையும் என் காதால கேட்டு எழுத வெச்சேன்."

அவர் பொய் சொல்கிறார் என்றால் கூட நான் சமாதானமாகியிருப்பேன். மனுஷன் நம்பினார். நாற்பது வருஷம் மேடை மேடையாகச் சொல்லிச் சொல்லி, அவருக்கே அந்த அழுகை காதில் விழ ஆரம்பித்துவிட்டது. எர்சிலியா கையை உருவிக்கொண்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. சந்தையில் அழுகின முட்டை விற்றதாக ஒருத்தி பழி சொன்னபோது கூட அவள் இப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

இருட்டியதும் முற்றத்தில் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் திரை கட்டி, நகராட்சி நாற்காலிகள் போட்டு, படத்தை ஆரம்பித்தார்கள். கழுவித் துடைத்துப் புதுசாக்கிய பிரதி. தகரத்தில் இருந்த துரு கூடத் தெரிந்தது. செத்துப் போனவர்கள் திரையில் கூட்டத்தோடு நின்றபோது, "அதோ என் அப்பன்! தொப்பியக் கழட்டு அப்பா, மூஞ்சி தெரியல!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

எர்சிலியா கடைசி வரிசையில் நின்றிருந்தாள். இடிக்கிற காட்சி வந்ததும் நடுப்பாதையில் நடந்து போய்த் திரைக்குக் கீழே நின்றாள். மேலே முப்பது வயது எர்சிலியா வாளியை வீசினாள். மிலானோக்காரியின் குரல் ஆரம்பித்தது: 'ஐயா...'

"சத்தத்த நிறுத்து!" என்றாள் எர்சிலியா.

நாற்பது வருஷம் சந்தையில் கூவின தொண்டை. ஒலிபெருக்கியையே அமுக்கிவிட்டது. பெத்ரோனி எழுந்து ஓடி வந்தாள். பின்னால் இருந்து யாரோ, "அவ பேசட்டும், குறைடா!" என்று கத்த, இன்னும் நாலு பேர் கத்த, ஒலிக்காரன் பயந்து போய்ச் சுத்தமாகக் குறைத்துவிட்டான். திரையில் வாய் மட்டும் அசைந்தது. கீழே குரல் வந்தது.

"டேய் கண்ணாடி! உங்க வீட்டுச் செத்தவங்க ஒருத்தரும் குழியில நிம்மதியாப் படுக்கக் கூடாது! உன் தாத்தன், அவன் தாத்தன், மருந்துக்கடைய ஆரம்பிச்சவன் வரைக்கும்! என் கட்டிலு உள்ள கிடக்கு, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? அந்த இரும்புச் சனியன நிறுத்து! ஒவ்வொரு தகரமும் நான் தலையில சுமந்தது. வீடு இடியிறதப் படம் எடுக்கணும்னா ரவென்னாவுக்குப் போ, உங்கம்மா வீட்ட இடி, அவ உனக்கு அழுவா! நான் அழ மாட்டேன். அழுவேன்னு நினைச்சியா? என்கிட்ட அது இல்லடா, போடா!"

ஒவ்வொரு எழுத்தும் அந்த வாயில் உட்கார்ந்தது. உதடு மூடுகிற இடத்தில் மூடியது. மூச்சு இழுக்கிற இடத்தில் இழுத்தது. 'போடா' என்றபோது திரையில் கை நீண்டது, கீழேயும் நீண்டது, அது நேராக முதல் வரிசையில் இருந்த வெள்ளைக் கழுத்துத் துணியைக் காட்டியது. நாற்பது வருஷமாக நாங்கள் பார்த்து அழுத காட்சி அது. அவள் முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்பதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

முதலில் கை தட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? மயெஸ்த்ரோதான். தடியை ஊன்றி எழுந்தார்.

"பிராவா! இது! இதத்தான் நான் அன்னிக்குத் தேடினேன்! புதுப் பிரதியில இந்தக் குரலப் போடுவோம். பாரிஸ்ல முதல் காட்சி. நாப்பது வருஷம் கழிச்சு ஒரு இயக்குநர் தன் படத்தத் தானே திருத்துறான்! எழுதிக்கோங்க," என்றார் டிவிக்காரனிடம்.

"அப்போ வசனம்னு யார் பேரு போடுவீங்க?" என்றாள் எர்சிலியா.

"வசனம் எழுதினவங்க பேரு எப்படிக் கண்ணு மாறும்? நீ நடிச்சே."

"நடிச்சேனா? வீட்ட இடிச்சீங்க."

"ஒரு தகரக் கொட்டாய்," என்றார் அவர், கொஞ்சம் சலிப்போடு. "அதுக்குப் பதிலா இந்த வீடு கிடைச்சுதுல்ல? என் படம் வரலன்னா இந்தக் கட்டிடமே வந்திருக்காது. உனக்கு மட்டுமா, இங்க இருக்குற எல்லாருக்கும்தான்."

அங்கேதான் மனுஷன் தப்புப் பண்ணினார். எர்சிலியாவை இன்னும் நாற்பது வருஷம் கெஞ்ச வைத்திருந்தாலும் எங்கள் ஆட்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்த வீட்டுக்காக ஒவ்வொருவனும் வருஷக்கணக்கில் நகராட்சி அலுவலக வாசலில் நின்றிருக்கிறான், கட்சி ஊர்வலத்தில் போலீஸ் தடியால் அடி வாங்கியிருக்கிறான். ஒரெஸ்தேயின் முன் பல் இரண்டும் அப்படிப் போனவைதான்.

"எங்க வீடெல்லாம் உங்க படத்தாலயா, மயெஸ்த்ரோ?" என்றான் ஒரெஸ்தே, ரொம்ப மெதுவாக.

"பின்னே?"

நாற்காலிகளை மடக்குகிற சத்தம்தான் கேட்டது. படம் பாதிதான் முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், மயெஸ்த்ரோ தஸ்ஸினாரி நடத்திய வியப்பூட்டும் நேரடிப் பரிசோதனை என்று எழுதியிருந்தார்கள். எர்சிலியாவின் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். கல்வெட்டு வாசகம் அப்படியேதான் இருக்கும் என்று பெத்ரோனி சொல்லியிருந்தாள்; கல் ஏற்கெனவே செதுக்கியாயிற்றாம்.

திங்கட்கிழமை இரண்டு பேர் வண்டியில் கல்லோடு வந்தார்கள். இறக்கி வைத்தார்கள், ஏணி போட்டார்கள், துளை போடுகிற மெஷினை எடுத்தார்கள். வயர் நீளமாக இருந்தது, செருகத்தான் இடம் இல்லை. ஒருவன் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"கொஞ்சம் கரண்ட் குடுங்கம்மா. அரை மணி நேரம்."

"எங்க வீட்டுல கரண்டு இல்ல தம்பி."

"உள்ள டிவி ஓடுதே?"

"அது அடுப்புல ஓடுது."

அடுத்த வீட்டில் பிளக் எல்லாம் உடைந்திருந்தது. அதற்கடுத்த வீட்டில் குழந்தை தூங்கியது. அங்கே குழந்தையே கிடையாது. என்னிடம் வந்தான். எனக்கு மின்சாரம் என்றால் சின்ன வயசிலிருந்தே பயம் என்றேன். கடைசியில் பாருக்குப் போனான். ஒரெஸ்தே அவனுக்கு ஓசியில் காபி போட்டுக் கொடுத்தான், இயந்திரம் உஸ்ஸென்று ஆவி விட்டது, விளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

"கரண்டா? இந்தத் தெருவுக்கே வரலியேப்பா. புகார் குடுத்திருக்கோம்."

வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது போல. ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் செத்தவர்களைத் திட்டினான். வண்டி போனதும் முற்றத்தில் ஒரே கூச்சல், சிரிப்பு. யாரோ ஒயின் கொண்டுவந்தார்கள். ஒரெஸ்தே மேலே பார்த்துக் கை தட்டினான்.

"சோரா எர்சிலியா! பாத்தீங்களா? இறங்கி வாங்க, ஒரு வாய் குடிங்க!"

முதல் மாடியில், என் வீட்டுக்குப் பக்கத்து ஜன்னல் திறந்தது. அவள் சிரிக்கவில்லை.

"இவ்ளோ சுலபமா இது?" என்றாள். "கரண்டு இல்லன்னு நாலு பேரு சொன்னா கல்லு திரும்பிப் போயிடுதா? அன்னிக்கு அந்தப் புல்டோசர் சூடாகி நின்னுச்சே, ஒரெஸ்தே. என் வீட்டுக்கு முன்னாடி, பத்தடி தள்ளி. ஓட்டுனவன் தண்ணி கேட்டான். குழாயடியிலருந்து ஓடி வந்து ஊத்துனது யாரு?"

ஒரெஸ்தே கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது, நாள் கூலி.

"நான் குழாயடியில வாளியோட நின்னேன்," என்றாள் எர்சிலியா. "என்னை முந்திக்கிட்டுத் தண்ணி புடிச்சே. ஷூட்டிங்குக்குன்னு சொன்னே. சரி, ஷூட்டிங்குதானேன்னு நானும் வழி விட்டேன்."

ஜன்னல் கதவு இரண்டும் சேர்ந்து அறைந்து மூடின. ஒயின் ஊற்றின கிளாஸ்கள் மேஜையில் இருந்தன. முதலில் எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை.